பேர் போடும் மாதம்

வைகாசி 9

என் பெயர் இருளப்பன். இதை நானே எழுதுகிறேன்.

வைகாசி 10

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

வைகாசி 14

இன்று கொஞ்சம் நீளமாக எழுதிப் பார்க்கிறேன்.

வயது அறுபத்தெட்டு. கூம்புமலை எஸ்டேட்டில் டீ ஃபாக்டரி அடுப்புக்கு விறகு தள்ளிய ஆள். கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கி, கைநாட்டு வைத்தே ரிட்டையர் ஆனேன். போன ஐப்பசியில் முதியோர் வகுப்பு தொடங்கினார்கள். பழைய பிள்ளைக் கொட்டகையில்தான் வகுப்பு. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போவதற்காக ஒரு காலத்தில் கட்டியது. ஆயா ரிட்டையர் ஆனபிறகு வேறு ஆள் போடவில்லை. உத்தரத்தில் தொட்டில் கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன. அதன் கீழே ஏழெட்டுக் கிழடுகள் உட்கார்ந்து அ, ஆ கத்தினோம். முடிவில் எனக்குத்தான் முதல் பரிசு. இந்த டைரி. அச்சடித்த தேதி பழைய வருடத்தது. நான் தினசரிக் காலண்டரைப் பார்த்துத் தமிழ்த் தேதி போட்டுக்கொள்கிறேன்.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

வைகாசி 15

வீட்டைப் பற்றி எழுதவில்லை. இது எஸ்டேட் லைன் வீடு. வீட்டில் ஒருவராவது பெர்மனன்ட் ஆளாக இருந்தால்தான் குடியிருக்கலாம். முதலில் நான் இருந்தேன், பிறகு என் வீட்டுக்காரி வேலம்மாள் இருந்தாள். போன வருடம் அவள் காலமாகிவிட்டாள். இப்போது மருமகள் தங்கமாரி கொழுந்து எடுக்கிறாள். ஆனால் டெம்பரவரி. மகன் முனீஸ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவான்.

புரட்டாசிக் கடைசியில் டெம்பரவரி ஆட்களில் பன்னிரண்டு பேரைப் பெர்மனன்ட் ஆக்குவார்கள். பேர் போடுவது என்று சொல்வோம். வருட வரிசைப்படி தங்கமாரி மூன்றாவது. அதை நம்பித்தான் வீட்டைக் காலி பண்ணச் சொல்லாமல் மேனேஜர் தொரை விட்டுவைத்திருக்கிறார்.

வைகாசி 20

இன்று சட்டம் படித்தேன்.

டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் இருந்தது. வடையைத் தின்று முடித்தும் தாளைக் கசக்க மனம் வரவில்லை. எண்ணெய் பட்ட இடம் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். “ம… க… ப்பே… று.” மகப்பேறு. வேலை செய்யும் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்று விடுமுறை பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரம் ஆகிறது. முழுச் சம்பளம். இப்போது சட்டமாகிவிட்டது.

நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் படித்த செய்தி இது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் படித்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த பேச்சி, எங்கள் லைனில் கடைசி வீட்டுக்காரி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

“ஆறு மாசமா அண்ணே?”

“ஆறு மாசம். அச்சுல போட்டிருக்கு.”

“மூணு மாசத்துக்கே மூஞ்சியைத் திருப்புனவனுங்க. ஆறு மாசம்னா, இனிமே வயித்தைத் தட்டிப் பாத்து, கலகலன்னு சத்தம் கேக்கலைன்னாத்தான் வேலைக்கு எடுப்பானுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அச்சில் வந்ததின் அருமை தெரியவில்லை.

வைகாசி 28

பெண்களைக் காலையில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் மஸ்டர் ஷெட்டில், சுவரில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். புதுச் சட்டம் தமிழில். எஸ்டேட்டுக்காரர்களே மாட்டினார்கள், மாட்ட வேண்டுமாம். ஷெட் காலியானபிறகு போய்ப் பாதி படித்தேன். மீதியை நாளைக்கு வைத்திருக்கிறேன்.

ஆனி 3

தங்கமாரி ஒரு விஷயம் சொன்னாள். யாருக்கும் தெரியக்கூடாது, இந்த டைரியில்கூட எழுதிவிடாதீர்கள் மாமா என்றாள். அதனால் எழுதவில்லை.

நான் தாத்தா ஆகப்போகிறேன்.

ஆனி 4

நேற்றுக் கடைசி வரியை எழுதியிருக்கக்கூடாது. அடிக்கலாம் என்று பார்த்தேன். என் கையெழுத்தை நானே அடிக்க மனம் வரவில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கீழ்ப் பிரிவில் செல்வராணி என்ற பெண். அவளும் இந்த வருடம் பேர் போடவேண்டிய வரிசையில் இருந்தாள். ஐந்து மாதம் என்று தெரிந்ததும் சூப்பர்வைசர் தேவசகாயம் மிகவும் மரியாதையாகச் சொன்னாராம். “வீட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்கம்மா. பெத்துட்டு வா.” அவள் இடத்தில் இப்போது வேறு ஒருத்தி.

“பேர் போட்டுட்டா அப்புறம் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது மாமா. ஆறு மாசம் குடுத்துத்தான் ஆகணும். அதுவரைக்கும் மறைக்கணும்,” என்றாள் தங்கமாரி.

முனீஸ் பிறந்தபோது வேலம்மாளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். அப்போது யாரும் வயிற்றைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனி 11

மழை பிடித்துவிட்டது. இனி நான்கு மாதம் விடாது. கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லோரும் இடுப்பிலிருந்து முழங்கால்வரை படங்கு சுற்றிக்கொள்வார்கள். தடித்த தார்ப்பாய்த் துண்டு, செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுவது. அதற்கு மேலே தலையோடு பிளாஸ்டிக் தாள். இவள் ஒல்லி, அவள் குண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. வேலம்மாளின் படங்கு பெரியது. அதைத் தங்கமாரிக்கு எடுத்துக் கொடுத்தேன்.

இனிமேல் அவள் நன்றாக இருந்தால் ‘மழை நல்லது’ என்று எழுதுவேன். எனக்குப் புரியும்.

ஆனி 12

மழை நல்லது.

ஆனி 19

மழை நல்லது. அட்டைக்கடிக்கு உப்புத் துணி தைத்துக் கொடுத்தேன்.

ஆனி 27

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் பதிவு பண்ணிவிடுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மலைப்பாதையின் நாற்பது வளைவிலும் அவளுக்கு வாந்தி. டாக்டரம்மா ரத்தம் குறைவு என்றார்கள். “ஏம்மா இவ்வளவு தூரம் வர்ற? உங்க எஸ்டேட்லயே மாத்திரை சும்மா குடுப்பாங்களே?” என்று கேட்டார்கள். தங்கமாரி மாமாவுக்குப் பஸ் பிடிக்கும் என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொன்னேன்.

திரும்பும்போது கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

ஆடி 5

இந்த மாதத்திலிருந்து டெம்பரவரி ஆட்களுக்குச் சம்பளத்தை எஸ்டேட் கொடுக்கவில்லை. யாரோ கான்ட்ராக்டர் என்று ஒருவர் ஜீப்பில் வந்து கொடுக்கிறார். யார் கொடுத்தால் என்ன.

பேரீச்சம்பழம் வாங்கினேன். முருங்கைக்கீரை இந்தக் குளிரில் வருவதில்லை.

ஆடி 16

மழை நல்லது.

ஆடி 23

மழை அவ்வளவு நல்லதில்லை. மயங்கி ஓடையோரம் உட்கார்ந்துவிட்டாளாம். பேச்சிதான் தன் கூடையிலிருந்து அள்ளி இவள் கூடையில் போட்டு எடையைச் சரிக்கட்டியிருக்கிறாள். ஆகப் பேச்சிக்குத் தெரியும். பேச்சி நல்லவள். வாய்தான் கொஞ்சம்.

ஆவணி 6

ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. வளைகாப்புப் போட வேண்டும் என்றேன்.

தங்கமாரி பிறகு போடலாம் என்றாள். பேச்சியும் அதையே சொன்னாள். “ஒம்பதாம் மாசம் போட்டுக்கலாம் அண்ணே. ஐப்பசி. அதுக்குள்ள பேரும் போட்டிருவாங்க. ஊரைக் கூட்டியே செய்யலாம்.”

எங்கள் பக்கத்தில் ஏழில்தான் போடுவது. வேலம்மாளுக்கு ஏழில் போட்டோம். இந்தப் பெண்ணுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. நான்தான் இருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே செய்வோம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது என்றேன். ஒத்துக்கொண்டாள்.

ஆவணி 18

இன்று ஞாயிறு. இவ்வளவு நல்ல நாளை எப்படி எழுதி முடிப்பது என்று தெரியவில்லை.

முனீஸ் வந்திருந்தான். பேச்சி விடியும் முன்பே வந்து புளி, எலுமிச்சை, தேங்காய், எள், தக்காளி, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஏழு சாதம் கிண்டினாள். கதவைச் சாத்தினோம். ரேடியோவைச் சத்தமாக வைத்தோம். தங்கமாரியை மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசிப் பேச்சிதான் வளையல் போட்டாள். பச்சையும் சிவப்பும். நான் வால்பாறைக் கடைவீதியில் பார்த்துப் பார்த்து வாங்கியது. குறைத்து வாங்கக் கூச்சமாக இருந்தது, ஊருக்கே போடுகிற அளவு வாங்கிவிட்டேன். மகராசியாகப் பெற்றெடு என்று பேச்சி சொன்னதும் இந்தப் பெண் குனிந்து அழுதுவிட்டாள். முனீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் வளையலை எல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். நாளைக்கு மலைக்குப் போக வேண்டுமே. காற்று அடிக்கும்போது கலகலவென்கிறது.

முனீஸ் ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டான்.

ஆவணி 19

மழை நல்லது.

மீந்த வளையல் நிறைய இருக்கிறது. வளைகாப்பில் மீந்ததை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. பக்கத்து வீட்டுச் சரோசா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. இந்த வளையலை வாங்கிப் போட்டுக்கொண்டால் அவளுக்கும் தங்கும் என்பார்கள். எத்தனை கோயில், எத்தனை மண்சோறு. சாமிக்குக்கூடக் கண் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்காவது தெரிய வேண்டாமா?

ஆவணி 23

வெயில் எட்டிப் பார்த்தது.

பேச்சி வந்து உட்கார்ந்து சொன்னது. எடை போடும் இடத்தில் சரோசா கையை நீட்டியிருக்கிறாள். இரண்டு கையிலும் டஜன் டஜனாகப் புது வளையல், பச்சையும் சிவப்பும் மாறி மாறி. தேவசகாயம் சிரித்தாராம். “என்ன சரோசா, யாரு வீட்டு வளைகாப்பு? நம்மளக் கூப்பிடவே இல்ல?”

“கோயில்ல குடுத்தது சார்.”

“எந்தக் கோயில்? சொன்னா நானும் என் வீட்டம்மாவக் கூட்டிட்டுப் போவேன்ல?”

எல்லோரும் சிரித்தார்களாம். அவரும் சிரித்தாராம். அவ்வளவுதான்.

பேச்சி என்னையே பார்த்தாள். “அவளுக்கு வளையலை யாரு குடுத்தா அண்ணே?”

பேரீச்சம்பழம் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போய்விட்டேன்.

ஆவணி 24

நனைந்த படங்கோடு எடைக்கு வந்தால் ஈரம் கூடையில் இறங்கிக் கணக்குத் தப்பாகிறது, எல்லோரும் படங்கைக் கழற்றிவிட்டு வரிசையில் வாருங்கள் என்று தேவசகாயம் இன்று புது உத்தரவு போட்டார்.

தங்கமாரி முறை வந்தபோது பார்த்தாராம். ஒன்றும் கேட்கவில்லை. எடையைக் குறித்துக்கொண்டு “ம், அடுத்து” என்றாராம்.

புரட்டாசி 4

மஸ்டர் ஷெட் பலகையை முழுதாகப் படித்து முடித்தேன். கர்ப்பமாக இருப்பதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. தங்கமாரியிடம் சொன்னேன். பயப்படாதே, பலகையிலேயே இருக்கிறது, அதுவும் அவர்கள் மாட்டிய பலகை என்றேன். சரி மாமா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அரிசி களைந்துகொண்டே, “கண்ணாடி போட்டிருக்காங்களா மாமா?” என்று கேட்டாள்.

“போட்டிருக்காங்க.”

“தூசி படாம இருக்கும்,” என்றாள்.

புரட்டாசி 12

மழை குறைந்துவிட்டது.

புரட்டாசி 27

பேர் போட்டார்கள்.

நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒட்டுவார்கள், அவள் பெயரை நானே கண்டுபிடித்துப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஒட்டவில்லை. ஃபீல்டு ஆபீசர் வாயாலேயே வாசித்தார். மூன்றாவது பெயர் வேறு யாருடையதோ. ஒருவேளை வரிசை மாறியிருக்கும் என்று நினைத்தேன். கடைசிவரை கேட்டேன். செல்வராணியும் இல்லை. சரோசாவுக்கு அடுத்த வருடம்தான், அவள் வரிசை தள்ளி.

எல்லோரும் போனபிறகு ஆபீசரிடம் போய்ப் பலகையைக் காட்டினேன். இந்த வரியைப் படியுங்கள் சார் என்று நானே படித்தும் காட்டினேன்.

“நல்லாப் படிக்கிறீங்களே தாத்தா! முதியோர் கிளாஸா?” அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். தேவசகாயத்தைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா, இந்த வயசுல!” என்றார்.

“நீக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு சார்.”

“யாரு நீக்குனா? பேர் போடலை, அவ்வளவுதானே. பெத்துட்டு வரட்டும். அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தங்கமாரி ஆணியிலிருந்து வளையல்களை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். என் கையில் கொடுத்தாள்.

“இதையும் சரோசாக்காவுக்கே குடுத்துருங்க மாமா. அவளுக்காவது ஆகட்டும்.”

ஐப்பசி 1

தீபாவளி. முனீஸுக்குப் போனஸ் வரவில்லை. வந்தான்.

ஐப்பசி 9

மலைக்குக் கீழே லேபர் ஆபீஸுக்குப் போனோம். அங்கே ஒரு அம்மா அதிகாரி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். அந்தச் சுவரிலும் அதே பலகை இருக்கிறது. அங்கே எழுத்து இன்னும் பெரியது.

“சட்டம் முழுக்க உங்க பக்கம்தான் இருக்கு ஐயா. பெர்மனன்டா இருந்தாலும் இல்லேன்னாலும், கான்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் ஆறு மாசம் உண்டு,” என்றார்கள்.

எனக்கு எழுந்து கும்பிடத் தோன்றியது.

“ஆனா யாரு குடுக்கணும்? ஆடியிலிருந்து நீங்க எங்க ஆள் இல்லேன்னு எஸ்டேட் சொல்லும். இந்தக் கான்ட்ராக்டர் பேரும் விலாசமும் தெரியுமா?”

ஜீப்பில் வருவார் என்றேன்.

“கேஸ் போடலாம். நான் எழுதித் தர்றேன். ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகலாம். நாளைக்கே வேலையும் நிறுத்துவாங்க. வீடு எஸ்டேட் வீடா?”

தங்கமாரி தலையாட்டினாள்.

அந்த அம்மா பேனாவை மூடிவைத்துவிட்டார்கள். வெளியே வந்து தங்கமாரி படிக்கட்டில் உட்கார்ந்தாள். கால் வீங்கியிருந்தது. “மாமா, எந்த பஸ் நம்ம பஸ்?” என்று கேட்டாள். பெயரைப் படித்துச் சொன்னேன். படிக்கத் தெரிந்ததால் தவறான பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு வந்தோம்.

ஐப்பசி 20

இன்றோடு தங்கமாரியை நிறுத்திவிட்டார்கள். பெற்றுவிட்டு வா என்றார்கள். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள், ஆசீர்வாதம் மாதிரி.

கார்த்திகை 6

பெண் குழந்தை. வால்பாறை ஆஸ்பத்திரி. எடை குறைவு. தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள். இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

உயிரோடு இருக்கின்றன.

கார்த்திகை 9

முனீஸ் இன்றுதான் வந்தான். நாளைக்குப் போக வேண்டும். பெற்றவனுக்கு ஒருவாரம்கூட இல்லையா என்று கேட்டேன். “கவர்மென்ட் ஆளுகளுக்கு உண்டாம்ப்பா. எங்களுக்கு மிஷினை விட்டு நகந்தா அடுத்தவன் உக்காந்துருவான்,” என்றான். குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பால் வாங்கப் போனபோது மஸ்டர் ஷெட் வழியாகப் போனேன். பலகையில் தகப்பன் என்ற சொல்லே இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

கார்த்திகை 24

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. முனீஸுக்கு லீவு கிடைக்கும்போது வைக்கலாம் என்று இருக்கிறோம்.

மார்கழி 4

தேவசகாயம் ஆள் அனுப்பினார். கொழுந்து நிறைய வந்துவிட்டது, ஆள் போதவில்லை, வருகிறவர்கள் வரலாம். வேலையில் யாரும் இல்லாத வீடுகளைத் தை பிறந்ததும் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் வேலைக்கு வைக்கவே கூடாது என்று பலகையில் இருக்கிறது. தங்கமாரிக்கு ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதைச் சொன்னேன். அவள் படங்கைத் தேடி எடுத்தாள்.

மார்கழி 5

மஸ்டரில் தேவசகாயம் மெதுவாகக் கேட்டாராம். “ஆறு வாரம் ஆயிருச்சில்ல? சட்டப்படி கேக்கணும்.”

“ஆயிருச்சு சார்.”

சட்டப்படி எழுதிக்கொண்டார்.

மார்கழி 11

காலையில் அவள் போனதும் குழந்தை என்னிடம். பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போகிறது. அதனால் உச்சிப்பொழுதில் துண்டில் சுற்றி மலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். வழுக்கும் வழி. பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் கொடுப்பாள். ஜாக்கெட் முன்பக்கமெல்லாம் நனைந்திருக்கும். கை முழுக்கக் கொழுந்துக் கறை, குழந்தையைத் தொடாமல் முழங்கையால் அணைத்துக்கொள்வாள். மேஸ்திரி விசில் அடித்ததும் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடுவாள்.

என்னைப் பார்த்துப் பெண்கள் ஒரே சிரிப்பு.

“ஏண்டி, ஆறு மாச லீவு யாருக்கும் கிடைக்கலைன்னு யாரு சொன்னா? இருளப்பன் மாமாவுக்குக் கிடைச்சிருக்குல்ல!”

“சம்பளத்தோடயா மாமா?”

நானும் சிரித்தேன். நல்ல பகடி. பேச்சி மட்டும் சிரிக்கவில்லை, குழந்தையின் தலையில் துண்டை இழுத்து மூடினாள்.

மார்கழி 19

குழந்தை அழும்போது பிள்ளைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வேட்டியைக் கொக்கியில் கட்டித் தொட்டில் போட்டேன். தூங்கிவிட்டது. கரும்பலகையில் நாங்கள் எழுதிய அ, ஆ அழியாமல் இருந்தது. வாட்ச்மேன் வந்து, உள்ளே பிள்ளைகளை விட அனுமதி இல்லை, வகுப்புக்குத்தான் அனுமதி என்று சொல்லிவிட்டான்.

தை 2

வீட்டைப் பற்றி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். காலி பண்ண வேண்டாம். தங்கமாரி ஒரு நாளும் விடாமல் வேலைக்கு வருகிறவரை இருந்துகொள்ளலாம். விட்டால் பங்குனிக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வருடப் பேர் போடுதலில் அவளைப் புது ஆளாகக் கணக்கு வைப்பார்கள். வரிசை மறுபடி கடைசியிலிருந்து.

நேற்றுப் பொங்கல் வைத்தோம்.

தை 17

தங்கமாரிக்குப் பால் வற்றிவிட்டது. உச்சிப்பொழுதில் மலைக்குப் போக வேண்டிய வேலை இல்லை. எழுத நிறைய நேரம் கிடைக்கிறது.

தை 18

எழுதத் தோன்றவில்லை.

தை 29

குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. அம்மாவைப் பார்த்து இன்னும் சிரிக்கவில்லை. அவள் வரும்போது அது தூங்கிப்போகிறது. சாயங்காலம் தங்கமாரி, “இன்னிக்கு என்ன பண்ணுச்சு மாமா?” என்று கேட்டாள். சிரித்ததைச் சொல்லவில்லை. இதில் எழுதியிருக்கிறேன், அவளுக்குப் படிக்க நேரம் ஏது.

மாசி 3

சாயங்காலம் சரோசா வந்தாள். கையில் அந்தப் பச்சையும் சிவப்பும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

தங்கமாரி குழந்தைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் கருவாடு வதக்கிக்கொண்டிருந்தேன். வாசற்படியைத் தாண்டியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் நீர். ஆனால் அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

தங்கமாரி அவளைப் பார்த்தாள். அவள் தங்கமாரியைப் பார்த்தாள். எட்டு வருடம். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். எனக்கு லைன் முழுக்க ஓடிப்போய்க் கத்த வேண்டும்போல இருந்தது.

தங்கமாரி எழுந்து போய் ஆணியில் கிடந்த படங்கை எடுத்தாள். வேலம்மாளின் படங்கு, பெரியது. மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

“நீ என்னடி கட்டுவ?” என்று கேட்டாள் சரோசா.

“எனக்குச் சின்னது போதும்க்கா.”

சரோசா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது. “மாமா…” என்றாள். இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாள்.

அவள் போனபின் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். புரட்டாசியில் அவளுக்கு ஒன்பதாம் மாதம்.

இன்று எழுத ஒன்றுமில்லை. நல்ல வெயில். மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.